நாற்பத்தெட்டு எபிசோடில் அப்பா எங்கே

என் அம்மா ஒரு டிவி தொடரை ஐந்து முறை முழுதாகப் பார்த்தாள். ஆறாவது முறை, மூன்றாவது சீசன் ஒன்பதாவது எபிசோடைப் பதினேழாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு, பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தாள். வரவில்லை. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நான் லிஃப்ட் சோதனை செய்யும் இன்ஜினியர். ஒரு லிஃப்ட் நின்றால் ஏன் நின்றது என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பேன். டாக்டர் எழுதியது ஒரே வார்த்தை. எனக்குப் போதவில்லை.

அந்தத் தொடர் அறுபது வருடத்துக்கு முந்தைய காலத்தில் நடப்பது. ஒரு விளம்பரக் கம்பெனி, அதில் பெரிய பதவியில் ஒருவர். நகரத்துக்கு வெளியே, புல்தரை போட்ட வீட்டில் அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். அவர் ஆபீஸில் உட்கார்ந்து சோப்புக்கும் டயருக்கும் வாசகம் யோசிப்பார். மனைவி வீட்டில் நின்று புல்லைப் பார்ப்பாள். நான்கு சீசன், நாற்பத்தெட்டு எபிசோட். எல்லோரும் மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு ஒருவருக்கொருவர் துரோகம் செய்வார்கள். வேறு கதை கிடையாது.

அம்மாவும் ஒரு விளம்பரக் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். வாசகம் யோசிக்கிற வேலை இல்லை. யோசித்தவர்கள் செய்த தப்பைப் பிடிக்கிற வேலை. ப்ரூஃப் பார்ப்பவள். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. அச்சுக்குப் போக வேண்டிய பக்கத்தை முதலில் தலைகீழாகத் திருப்பி வைத்துப் படத்தைப் பார்ப்பாள். நேராக வைத்தால் கண் தனக்குத் தெரிந்ததைத்தான் பார்க்கும் என்பாள். அப்புறம் நேராக வைத்து, கடைசி வார்த்தையில் தொடங்கி முதல் வார்த்தை வரை பின்னோக்கிப் படிப்பாள். எல்லாம் முடிந்தால் வலது மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். அந்த டிக் விழாமல் ஒரு விளம்பரமும் கம்பெனி வாசலைத் தாண்டாது.

வீட்டிலும் இதே தொல்லைதான். என் பிராக்ரஸ் கார்டில் மார்க்கைப் பார்க்கும் முன் ஆசிரியை எழுதியதில் துணைக்கால் விட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பாள். யார் கல்யாண அழைப்பிதழ் கொண்டுவந்து கொடுத்தாலும் தலைகீழாகத் திருப்புவாள். கொடுத்தவர்கள் முகம் மாறும். "பொண்ணு பேர்ல ஒரு எழுத்து தப்பு. பரவாயில்ல, கல்யாணம் செல்லும்" என்பாள்.

உறவினர்கள் கூடினால் அவளுக்கு ஒரு பழைய வேடிக்கை உண்டு. "முப்பத்தோரு வருஷத்துல ஒரே ஒரு தப்பைத்தான் விட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பிப் பார்ப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா செய்தித்தாளில் ஒரு பக்கம் திருப்புவார். அப்பா நீர் வழங்கல் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர். மீட்டரைப் பார்ப்பார், எழுதுவார், அடுத்த வீட்டுக்குப் போவார். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தார். இவர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "எங்க ஆபீசுக்கு ஒரு சாமான் இறக்க வந்தார். இறக்கிட்டுப் போயிருக்கலாம்" என்று அம்மா முடித்துவிட்டாள்.

அவள் அந்தத் தொடரைப் பார்த்த விதமும் தனி. அதில் யாருக்கும் தொடர் கொடுத்த பெயர் கிடையாது. அவளுக்குத் தெரிந்த ஆட்களின் பட்டப்பெயர்தான். விளம்பரக் கம்பெனி முதலாளி வந்தால் 'பல்லு'. அவள் ஆபீஸ் முதலாளி அப்படித்தான் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டே ஆட்களை வேலையை விட்டு அனுப்புவாராம். படம் வரைகிறவர் 'ரப்பர்'. வரைந்ததைவிட அழித்தது அதிகம். மூன்று சூட்கேஸுடன் வந்து இறங்கி இரண்டு சீசன் வரை திரும்பிப் போகாத மாமியார், என் அத்தை. நான் யார் என்று கேட்டேன்.

"நாய்."

"ஏம்மா?"

"சாப்பிடற நேரத்துக்குக் கரெக்டா வருது. கூப்பிட்டா வரல."

அவளுக்கு ஒரு குறை இருந்தது. "இந்த ஆபீஸ்ல ப்ரூஃப் யாருடி பாக்கறா? நாப்பத்தெட்டு எபிசோட்ல ஒருத்தி இல்ல. அப்புறம் எப்படி விளம்பரம் வெளிய போகுது?" ஒவ்வொரு முறையும் இதைக் கேட்பாள். பதில் வரும் என்று ஆறாவது முறையும் எதிர்பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

அப்பா அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. அவள் டிவி முன் உட்கார்ந்ததும் அவர் ரேடியோவை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார்.

அவள் போன பிறகு ஒன்றரை மாதம் விடுப்பு போட்டு அப்பாவோடு இருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் போன மறுநாள், சாப்பிட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கு அப்பா ரேடியோ இல்லாமல் வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா உட்காரும் பக்கத்தை விட்டுவிட்டார்.

"அவ பார்த்தாளே, அதைப் போடு."

"விட்ட இடத்துல இருந்தா?"

"இல்ல. மொதல்ல இருந்து."

முதலில் இருந்து போட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோட், சில நாள் மூன்று. நான்கு எபிசோட் வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மீட்டர் பார்ப்பது போலப் பார்த்தார். ஐந்தாவதில் முதலாளி வந்து சிரித்தபோது நான் வாய் தவறி, "பல்லு வந்துட்டார்" என்றேன்.

அப்பா திரும்பினார். "பல்லா? அவங்க ஆபீஸ் பல்லா?"

சொல்லிவிட்டேன். பல்லு, ரப்பர், அத்தை, நாய், எல்லாம். அத்தை என்றதும் அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கூடப் பிறந்த அக்காவைப் பற்றி என்பதால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சரி, இதுல நான் யாரு?"

எனக்குத் தெரியும். முதல் முறை அவளோடு பார்த்தபோதே தெரியும். அந்தப் புல்தரை வீட்டின் சமையலறை மூலையில் ஒரு வெள்ளை ஃப்ரிட்ஜ் நிற்கும். பழைய மாடல், உருண்டையான தோள், ஒற்றைக் கதவு. யாராவது அதைத் திறப்பார்கள், உள்ளே விளக்கு எரியும். அப்போது அம்மா, பால்கனிக்குக் கேட்காமல் மெல்லச் சொல்வாள்: "அதோ உங்கப்பா."

மூலையில் நிற்பது, பேசாதது, யாரும் நன்றி சொல்லாதது. பொருத்தம்தான் என்று நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன். ஆனால் பெண்டாட்டி போய் ஒரு மாதம் ஆன மனிதரிடம், உங்களை ஃப்ரிட்ஜ் என்றாள் என்று எப்படிச் சொல்வது?

"இன்னும் வரலப்பா" என்றேன்.

அதுதான் வினையாகப் போயிற்று. மறுநாளிலிருந்து அப்பா தலை வாரிக்கொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார். புதிதாக ஒரு ஆண் திரையில் தலைகாட்டினால் போதும்.

"இவனா?"

"இல்லப்பா."

"தபால்காரன்?"

"இல்ல."

"நல்லவனாத்தான் தெரியறான்."

"அவர் இல்லப்பா."

கதாநாயகனைப் பற்றி ஒரு நாள் யோசித்தார். "குடிக்கிறான். பொய் சொல்றான். ஆனா ஆளு லட்சணமா இருக்கான். இவனா இருந்தா சொல்லிடு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"இல்லப்பா."

"அதானே பாத்தேன்."

முதல் சீசன் முடிந்தது. அவர் கேள்வி குறைந்தது. குறைந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது சீசன் முதல் எபிசோடில் நாய் ஓடிவந்தபோது, "நீ வந்துட்ட" என்றார். கொஞ்சம் கழித்து, டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாய்க்குக்கூட ஆள் வெச்சிருக்கா. என்னை வெக்கலபோல."

"அப்படி இல்லப்பா."

"இருக்கட்டும்மா. நாப்பது வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். ஒரு தபால்காரனாவாவது வெச்சிருக்கலாம்."

அன்று மாலை அத்தைக்குப் போன் செய்தேன். தொடரில் அத்தை யார் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அப்பா விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? ஒரு நல்ல ஆளாப் பார்த்து இவர்தான்னு சொல்லிடு. செத்தவ எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லப் போறாளா?"

"யாரைச் சொல்றது அத்தை?"

"டாக்டர் யாராவது வர்றாரா?"

வருகிறார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் பெட்டியோடு வருவார். கன்னத்தில் நரை, மெதுவான பேச்சு. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவார். மறுநாள் அவர் வந்ததும் நான் சொன்னேன்: "அப்பா, அதோ நீங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தார், வைத்தார், குழந்தை தலையைத் தடவினார். எழுந்து போகும்போது அப்பா, "பெட்டியை எவ்வளவு பதவிசா வெக்கிறான் பாரு" என்றார். அன்று ராத்திரி சாப்பிட்ட தட்டை அவரே கழுவிக் கையைத் துண்டில் விரல் விரலாகத் துடைத்தார். அத்தையின் யோசனை முதல் தடவையாக வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

ஐந்து முறை ஓடிய தொடரில் என்ன வருகிறது என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. அம்மாவாக இருந்தால் பின்னால் இருந்து முன்னால் பார்த்திருப்பாள். நான் பார்க்கவில்லை. இரண்டாவது சீசன் ஆறாவது எபிசோடில் அந்த டாக்டர், பெட்டியைப் பதவிசாகக் காரில் வைத்து, எதிர்வீட்டுக்காரர் மனைவியோடு ஓடிப்போனார்.

அப்பா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கி அவரே நிறுத்தினார். அவருக்கு அந்தப் பட்டன் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"உங்கம்மா என்னைச் சந்தேகப்பட்டாளா?"

"ஐயோ அப்பா."

"எதிர்வீட்டுல யாரு இருந்தா? அந்த டியூஷன் டீச்சர். அவங்க வீட்டு மீட்டர் உள்ள இருந்துச்சு, அதனால உள்ள போனேன். வேற ஒண்ணும் இல்ல."

"அப்பா, டாக்டர் நீங்க இல்ல. நான் பொய் சொன்னேன்."

"ஏன்?"

"அத்தை சொல்லச் சொன்னாங்க."

"அவ சொன்னா கேப்பியா? அவதான் மூணு சூட்கேஸோட நிக்கறாளே." ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் இல்லவே இல்ல. அப்படித்தானே?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ரிமோட்டை வாங்கி அந்த எபிசோடைப் பின்னால் ஓட்டினேன். சமையலறைக் காட்சி. மனைவி ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள், பால் எடுக்கிறாள். நிறுத்தினேன்.

"இது."

"அந்தம்மாவா?"

"இல்லப்பா. ஃப்ரிட்ஜ்."

அப்பா அதைப் பார்த்தார். கோபம் வந்தால் நல்லது என்று நினைத்தேன். எழுந்து சமையலறைக்குப் போனார். எங்கள் ஃப்ரிட்ஜின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதிக நேரம் திறந்தே இருந்தது, பீப் அடித்தது. மூடினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"எப்ப சொல்லுவா?"

"என்ன எப்ப?"

"ஃப்ரிட்ஜ் சும்மா நின்னாலும் சொல்லுவாளா? இல்ல கதவைத் திறந்தா மட்டுமா?"

யோசித்தேன். வேலையில் இந்த மாதிரிக் கேள்விக்கு யூகித்துப் பதில் சொல்லக் கூடாது. "திறந்தா மட்டும். உள்ள லைட் எரியறப்ப."

அப்பாவின் முகம் சின்னப் பையனுடையது மாதிரி ஆனது. "எரியறப்பவா சொன்னா" என்றார். அப்புறம், நான் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் மொத்தமாகப் பேசியதைவிடக் கொஞ்சம் அதிகமாக, ஒரே மூச்சில் பேசினார்.

மீட்டர் வேலை கிடைப்பதற்கு முன் எட்டு மாதம் அவர் ஒரு எலக்ட்ரிக் சாமான் கடையில் இருந்திருக்கிறார். இது எனக்குத் தெரியாது. ஒரு நாள் அம்மாவின் கம்பெனி ஒரு ஃப்ரிட்ஜ் விளம்பரத்துக்குப் படம் எடுத்தது. கடையிலிருந்து ஃப்ரிட்ஜை இறக்கியவர் அப்பா. காட்சிக்கு வைக்கும் வெறும் கூடு அது. உள்ளே மோட்டாரும் இல்லை, விளக்கும் எரியாது. கதவு திறந்து உள்ளே வெளிச்சம் தெரிய வேண்டும் என்று போட்டோகிராபர் பிடிவாதமாக நின்றார். பின்பக்கத் தகட்டில் ஓட்டை போட்டு, ஒயரில் ஒரு பல்பு மாட்டி, அப்பாவைப் பின்னால் நிற்கவைத்து, கையை உள்ளே விடச் சொல்லிவிட்டார்கள்.

"காலைல பத்து மணிக்கு விட்ட கை. நாலு மணிக்கு எடுத்தேன்."

"ஏன்ப்பா கையில பிடிச்சீங்க? ஒரு கம்பியில கட்டித் தொங்க விட்டிருக்கலாமே."

"ஒரு இன்ச் மேல, ஒரு இன்ச் கீழன்னு அந்தாளு சொல்லிக்கிட்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழிச்சு எனக்கும் தோணுச்சு, கட்டிடலாம்னு."

"அப்புறம்?"

"சொல்லல."

கதவைத் திறந்து பிடிக்க ஒரு பெண்ணின் கை வேண்டும். அதற்கென்று வர வேண்டிய பெண் வரவில்லை. ஃப்ரிட்ஜில் ஒட்டிய எழுத்தைச் சரிபார்க்க மாடியிலிருந்து இறங்கிவந்த ப்ரூஃப்காரியைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். முன்பக்கம் அவள் கை, பின்பக்கம் அவர் கை. நடுவில் ஆறு முட்டை, ஒரு பால் பாட்டில், மெழுகில் செய்த பழங்கள்.

"என்கிட்ட முதல்ல என்ன பேசினா தெரியுமா? 'உள்ள இருக்கறவரே, தும்மாதீங்க, முட்டை ஆடுது'ன்னா. நான் சாரி சொன்னேன். 'சாரியும் சொல்லாதீங்க, அதுக்கும் ஆடுது'ன்னா." அப்பா இதை அம்மாவின் குரலிலேயே சொன்னார். "ஆறு மணி நேரம் முகம் பார்க்காம பேசினோம். ஓட்டை வழியா எனக்கு அவ மணிக்கட்டும் வாட்சும்தான் தெரிஞ்சுது. வாட்சு பத்து நிமிஷம் லேட். அதைச் சொன்னேன். 'தப்பு கண்டுபிடிக்கறது என் வேலை, உங்க வேலை பல்பு'ன்னு சொல்லிட்டா."

படம் அச்சுக்குப் போவதற்கு முன் ப்ரூஃப் அம்மாவின் மேஜைக்கு வந்திருக்கிறது. முட்டைத் தட்டுக்குப் பின்னால், இரண்டு முட்டைக்கு நடுவில், அப்பாவின் சுண்டு விரல் நுனி தெரிந்தது. நகத்தோடு.

"அம்மா அதைப் பார்க்கலையா?"

"அவளா பார்க்காம இருப்பா? தலைகீழா வெச்சுப் பார்க்கறவ. வட்டம் போட்டு அனுப்பினா, விரலை அழிச்சிடுவாங்க. வட்டம் போடல. டிக் அடிச்சிட்டா."

வாரப் பத்திரிகைகளில் முழுப்பக்கம் வந்தது. பல்லுவின் கண்ணில் பட்டது. கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டிருக்கிறார்.

"இஞ்சின்னு சொல்லியிருக்கா."

"இஞ்சியா?"

"'முட்டைகிட்ட எதுக்கு இஞ்சி'ன்னு கேட்டாராம். 'உங்க வீட்டுல எங்க சார் வைப்பாங்க'ன்னு கேட்டாளாம். அவருக்கு அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் எந்த ரூம்ல இருக்குன்னே தெரியாது. சரி போன்னு விட்டுட்டார்." அப்பா வலது கைச் சுண்டு விரலைப் பார்த்துக்கொண்டார். "அந்தப் பத்திரிகையைக் கடைக்கே கொண்டுவந்து காட்டினா. பக்கத்தைப் பிரிச்சு, 'அதோ நீங்க'ன்னா. அன்னிக்குத்தான் அவ முகத்தை முழுசாப் பார்த்தேன்."

ஒரே ஒரு தப்பு. உறவினர்கள் நடுவில் அவள் சொன்னதும், அப்பாவைப் பார்த்ததும், அப்பா செய்தித்தாளைத் திருப்பியதும் இதற்குத்தான். இத்தனை வருடம் அந்த வேடிக்கைக்கு எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமான வேடிக்கை. சுற்றி நின்ற எங்களுக்கு அதில் பங்கே கிடையாது.

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கலையே. கூப்பிட்டாதான் வர மாட்டியே." நாயைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

அதற்கப்புறம் அப்பா கதையைப் பார்ப்பதை விட்டுவிட்டார். யார் யாருக்குத் துரோகம் செய்தாலும் அவருக்குக் கவலையில்லை. சமையலறை வந்தால் முன்னால் நகர்ந்து உட்காருவார். கதவு திறந்து விளக்கு எரிந்தால், "ம்" என்பார். சில சமயம், "வெளிச்சம் கொஞ்சம் கீழ இருக்கு. ஒரு இன்ச் ஏத்தணும்" என்பார். எதிர்வீட்டுப் பெண்ணோடு டாக்டர் திரும்பி வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

விடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது மூன்றாவது சீசன் ஒன்பதாவது எபிசோடுக்கு வந்தோம். அதன் படத்துக்குக் கீழே மட்டும் ஒரு சிவப்புக் கோடு பாதி தூரம் ஓடி நின்றிருந்தது. விட்ட இடத்திலிருந்தா, முதலில் இருந்தா என்று டிவி கேட்டது. முதலில் இருந்து என்று அழுத்தினேன். பதினாறு நிமிடம் பார்த்தோம். பதினேழில் என் கட்டைவிரல் தானாகப் போய் நிறுத்தியது.

திரையில் மனைவி சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் பிரித்து வைத்திருந்தாள். அதில் ஒரு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் விளம்பரம். அவளுக்குப் பின்னால் மூலையில் பழையது நின்றது, கதவு மூடி. அம்மா கடைசியாகப் பார்த்தது இதை. நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாத்ரூம் கதவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

அப்பாதான் பேசினார். "புதுசு வாங்கப் போறாங்களா?"

"ஆமாப்பா. அடுத்த எபிசோட்ல வந்துடும்."

"அப்ப இது?"

"கராஜ்ல வெச்சிடுவாங்க. அந்தாளு அதுல பீர் பாட்டில் வெச்சுப்பார். கடைசி எபிசோட் வரைக்கும் அங்கதான் இருக்கும்."

"திறந்தா லைட் எரியுதா?"

"எரியுது."

அப்பா சோபாவில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"அப்ப சரி. போடு."